ஆலமரம் என்னைப் பின்னால நிறுத்தின வருஷம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. போதும், போதும். நீங்க போன்ல புட்பால் மேட்ச் பாக்கீங்க, நான் பக்கத்துல இருந்து எட்டிப் பாத்தேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. பாத்துட்டுச் சும்மாதான் வந்திருப்பேன். நீங்கதான் வாயைத் தொறந்து சொன்னீங்க, "பின்னால நிக்கிறவனுக்கு என்ன வேலை, சும்மா நிக்கான்"னு. அதைக் கேட்டுட்டு என்னால பேசாம வர முடியாது. பஸ் மதுரையைத் தாண்டி இப்பத்தான் பத்து நிமிஷம் ஆகுது. தூத்துக்குடிக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் கிடக்கு. கேக்கீங்களா?

நான் பின்னால நின்னவன். ஸ்டாப்பர். கோலிக்கு, அதான் கோல்கீப்பருக்கு முன்னால, நட்ட நடுவுல ஒருத்தன் நிப்பான் பாருங்க, அவனைத் தாண்டினா கோல்தான்னு, அவன். ஆனா நான் ஸ்டாப்பர் கிடையாது. ஃபார்வர்டு. முன்னால ஓடிக் கோல் போடுதவன். இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கிடுங்க, மீதி தானா புரியும்.

பேரு கஸ்பார் ரொட்ரிகோ. தொண்ணூத்தேழுல தூத்துக்குடியில யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. ஓசன் ஸ்டார் கிளப்புக்கு ஒரே சீசன்ல பத்தொம்பது கோல். பத்தொம்பது. அதுல ஏழு தலையால. பீச் ரோட்டுல நான் சைக்கிள்ல போனா டீக்கடையில இருக்கிறவன் கிளாஸைக் கீழ வச்சுட்டுப் பாப்பான். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. ஹார்பர்ல ஒரு கம்பெனியில டேலி கிளார்க். கப்பல்ல இருந்து எத்தனை மூட்டை எறங்குதுன்னு கிரேனுக்குக் கீழ நின்னு எண்ணுத வேலை. டெம்பரவரி. கப்பல் வந்தா வேலை, வரலன்னா இல்லை. அதனால எனக்குப் புட்பால்தான் நம்பிக்கை. நல்லா ஆடுத ஃபார்வர்டை எவனாவது பெரிய கம்பெனிக்காரன் பாத்துட்டா, விளையாட்டுக் கோட்டாவுல பெர்மனண்ட் ஆக்கிருவான். அப்படித்தான் எங்க ஊர்ல நெறைய பேரு கரையேறினது.

கிளப்பை நடத்தினவரு தனசிங் முதலாளி. உப்பளம் வச்சிருந்தவரு. புட்பால்னா உசுரு, ஆனா ஆடத் தெரியாது. ஆடத் தெரிஞ்சவன் எவனும் கிளப் நடத்த மாட்டான், அது வேற விஷயம். அவரு மச்சினன் மஸ்கட்ல கப்பல் ஏஜெண்டு. ஒரு நாள் அவரு போன் பண்ணி, "இங்க ஒரு இங்கிலீஷ்காரரு இருக்காரு, கோச்சு, காண்ட்ராக்ட் முடிஞ்சு சும்மா இருக்காரு, ஒரு சீசனுக்கு அனுப்பட்டுமா"ன்னு கேட்டிருக்காரு. நம்மாளு திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி, "மீன் சாப்பிடுவாரா?" சாப்பிடுவாருன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான் இண்டர்வியூ.

டெரிக் ஹாலம்னு பேரு. அப்ப அவருக்கு அம்பத்தோரு வயசு. ஹாலம்னு சொல்லுதது நம்ம பயலுவளுக்கு வரல, முதல் நாளே ஆலம் சார் ஆயிட்டாரு. ஆறடி நாலங்குலம். மைதானத்து ஓரத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னாருன்னா அசைய மாட்டாரு. ரெண்டாம் வாரமே ஆலமரம்னு ஆயிருச்சு. அவரு காதுபடவே கூப்பிடுவோம். அர்த்தம் என்னன்னு கேட்டாரு, நான்தான் சொன்னேன். சொன்னதும் ரெண்டு முட்டியையும் தட்டிக் காட்டி, "மரம் சரி, வேர் போயிருச்சு"ன்னு சிரிச்சாரு.

அவரு கதையை அவரே சொல்லிக் கேட்டிருக்கேன். இங்கிலாந்துல வடக்க ஏதோ ஒரு சின்ன ஊரு. எப்பப் பாத்தாலும் மழை. ஊர்ல பாதிப் பேரு கம்பளி மில்லுல வேலை. அந்த ஊரு டீமு ரெண்டாவது டிவிஷனுக்கு ஏறுவாங்க, மூணாவதுக்கு எறங்குவாங்க, திரும்ப ஏறுவாங்க. அதுல பதினாலு வருஷம் நடு ஸ்டாப்பர். நானூத்தி முப்பத்தோரு மேட்ச். எத்தனை கோல் போட்டிருப்பாருங்கீங்க? அஞ்சு. பதினாலு வருஷத்துல அஞ்சு. அதுலயும் ரெண்டு சேம்சைட் கோல், தன் போஸ்ட்லயே போட்டது. அதையும் சேத்து அஞ்சுன்னுதான் சொல்லுவாரு. ஒரு தடவை லண்டன்ல இருந்து பெரிய டீம் ஒண்ணு வந்துச்சாம். அதுல பேப்பர்ல எல்லாம் போட்டோ வர்ற ஃபார்வர்டு ஒருத்தன். அவனை எண்பத்தெட்டு நிமிஷம் பந்தைத் தொட விடலையாம்.

"அதுக்கப்புறம்?"னு கேட்டேன்.

"தொட்டுட்டான்"னாரு.

முப்பத்துமூணு வயசுல முட்டி போச்சு. கோச் ஆகலாம்னு பாத்தா அவங்க ஊர்ல யாரும் கூப்பிடல. அதனால சைப்ரஸ், அப்புறம் ஜாம்பியா, அப்புறம் ஓமன், அப்புறம் நாங்க. வீட்டம்மா மார்கரெட் ஊர்லயே இருந்துக்கிட்டு மாசம் ஒரு பார்சல் அனுப்பும். பிரிச்சா ஸ்வெட்டர். தூத்துக்குடிக்கு ஸ்வெட்டர், பாத்துக்கிடுங்க. அந்த அம்மாவுக்கு அவரு எந்த நாட்டுல இருக்காருன்னு ஞாபகம் இருந்துச்சோ என்னமோ. அவரு அதையெல்லாம் மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுத்துக்கிடுவாரு.

வந்த முதல் ஒரு வாரம் மனுசன் ஒண்ணுமே சொல்லல. ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. நானும் விடல. அவரு பாக்காருன்னு தெரிஞ்சதும் தினம் மூணு கோல், நாலு கோல். வெள்ளைக்காரன் அசந்துட்டான், பேச்சே வரலன்னு நெனச்சேன். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாரு. எனக்கு ஹார்பர் இங்கிலீஷ் தெரியும், அதனால எங்களுக்கு நடுவுல ஆள் வேண்டாம்.

"போன வருஷம் எத்தனை கோல்?"

"பத்தொம்பது."

"நல்லது. இந்த வருஷம் நீ ஸ்டாப்பர்."

எனக்குச் சரியா காதுல விழலையோன்னு நெனச்சேன். திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னாரு.

"ஏன் சார்?"

"நேத்து நாலு தடவை பந்தை விட்டே. நாலு தடவையும் திரும்பி ஓடி வாங்கிட்டே. பந்தை எடுத்தவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு அவனுக்குத் தெரியுததுக்கு முன்னால உனக்குத் தெரிஞ்சிருக்கு. இதை எங்க கத்துக்கிட்டே?"

எங்க கத்துக்கிட்டேன்? கிரேனுக்குக் கீழ நிக்கிறவன் அண்ணாச்சி நான். தலைக்கு மேல முப்பது மூட்டை தொங்குது. அது எந்தப் பக்கம் ஆடும்னு முன்னாலயே தெரியலன்னா நான் வீட்டுக்குப் போக மாட்டேன். இதை அப்படியே அவருகிட்டச் சொல்லித் தொலைச்சேன். சொல்லியிருக்கக் கூடாது. மனுசன் மொகம் அப்படியே மலர்ந்து போச்சு. "ஸ்டாப்பர் வேலையே அதுதானப்பா"ன்னு என் தோள்ல கையைப் போட்டாரு. அந்தக் கையோட கனம் இன்னும் ஞாபகம் இருக்கு.

என் எடத்துல செல்வினைப் போட்டாரு. செல்வின் யாரு, எனக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தவன். தாடி வச்சிருப்பான். ஓடுவான், அதை ஒத்துக்கிடுதேன். காத்து மாதிரி ஓடுவான். ஆனா ஓடுதது மட்டும்தான் தெரியும்.

நான் மூணு வாரம் அவருகிட்ட மொகம் கொடுத்துப் பேசல. பிராக்டீஸுக்கு மட்டும் போவேன். போகாம இருந்தா கிளப்ல இருந்து எடுத்துருவாங்க. அவரு தமிழ்ல மூணே மூணு வார்த்தை கத்துக்கிட்டாரு. நில்லு. பொறு. இப்போ. இந்த மூணை வச்சே அந்த சீசன் பூரா ஓட்டினாரு. ஓடி வர்றவனைப் பாத்து நான் முன்னால பாயப் போனா "நில்லு". கால் துறுதுறுன்னா "பொறு". அவன் பந்தைக் கொஞ்சம் தள்ளி விடுவான் பாருங்க, அந்தச் சமயம் பாத்து "இப்போ". நான் எடுத்துருவேன். எங்க கோலி இன்னாசி வீட்டுல பொண்டாட்டியை மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது கூட நில்லு, பொறு, இப்போன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

முதல் மேட்ச் பாளையங்கோட்டையில. நான் எத்தனை நேரம் நிப்பேன் சொல்லுங்க. இருபது நிமிஷம் நின்னேன். அப்புறம் பந்து ஒண்ணு கைக்கு வந்த மாதிரி காலுக்கு வந்துச்சு, எடுத்துக்கிட்டு அவங்க கோல் பக்கம் மேல போயிட்டேன். ரெண்டு பேரைத் தாண்டினேன். அடிச்சேன். போஸ்ட்ல பட்டுத் திரும்புச்சு. திரும்பின பந்தை அவனுங்க எடுத்துக்கிட்டுப் போறான், பின்னால யாரு இருக்கா? இன்னாசி மட்டும் தனியா நிக்கான். கோல். இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை. மூணு பூஜ்யம். என்னைக் கேட்டா அன்னைக்குப் போஸ்ட் மேலதான் தப்பு. ரெண்டு அங்குலம் உள்ள பட்டிருந்தா கதையே வேற.

மரம் திட்டுவாருன்னு எதிர்பாத்தேன். திட்டல. திரும்பி வரும்போது வேன்ல எனக்குப் பக்கத்துல உக்காந்து, "போஸ்ட்ல பட்டது நல்ல ஷாட்டு"ன்னாரு. அப்புறம், "இன்னாசி மொகத்தைப் பாத்தியா?"ன்னாரு. நான் பாக்கல. திரும்பிப் பாத்தேன். பின் சீட்டுல முட்டியில ரத்தத்தோட ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தான். அவ்வளவுதான் பேச்சு.

இதுல எனக்கு இன்னொரு சங்கடம் இருந்துச்சு. ரெஜினா. தண்டல் மரியான் பொண்ணு. தண்டல்னா தோணிக்குக் கேப்டன், தெரியும்லா? கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டினவரு. கடல்ல யாருக்கும் பயப்பட மாட்டாரு, கரையில அவரைக் கண்டா நாங்க எல்லாம் பயப்படுவோம். ரெஜினாவுக்கு என்னைப் பிடிக்கும், எனக்கு அவளைப் பிடிக்கும், ரெண்டு வீட்டுக்கும் தெரியும். தண்டல் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "பெர்மனண்ட் வேலை ஆர்டரோட வா." அவரும் மேட்ச் பாக்கிறவரு. நான் ஸ்டாப்பர் ஆன சேதி அவரு காதுக்குப் போச்சு. கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வரும்போது என்னை நிறுத்தினாரு.

"என்னல, உன்னைப் பின்னால தள்ளிட்டானாமே. பின்னால நிக்கிறவனை எந்தக் கம்பெனிக்காரன் பாப்பான்? கோல் போடுறவன் பேருதான பேப்பர்ல வருது. ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் மணப்பாட்டுல ஒரு மாப்ள இருக்கான், ஸ்கூல் வாத்தியாரு."

நீங்க சொன்னதைத்தான் அண்ணாச்சி அவரும் சொன்னாரு, அதனாலதான் உங்க மேல எனக்குக் கோவம் இல்லை. நேரா மரத்துக்கிட்டப் போனேன். எல்லாத்தையும் கொட்டினேன். உம்மால என் கல்யாணம் நிக்கப் போகுது, என்னைத் திரும்ப மேல போடும், இல்லன்னா நான் வேற கிளப் பாக்கேன்னேன். அவரு பொறுமையா கேட்டுட்டு, "அந்த வீடு எங்க இருக்கு?"ன்னாரு.

நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, வழியில அரைக் கிலோ முந்திரி மக்ரூன் வாங்கிக்கிட்டு அந்த மனுசன் தண்டல் வீட்டுக் கதவைத் தட்டிட்டாரு. வாசல் நிலையில தலை இடிச்சுச்சு. தண்டல் லுங்கியோட வந்து நிக்காரு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. ரெஜினா உள்ள இருந்து என்னைப் பாத்துக் கண்ணாலயே கேக்கா, என்ன காரியம் பண்ணிட்டேன்னு.

தண்டலுக்குக் கப்பல் இங்கிலீஷ் வரும். ரெண்டு பேரும் முதல்ல பேசினது என்ன தெரியுமா? முட்டி வலி. தண்டலுக்கும் முட்டி போச்சு, தோணியில நின்னு நின்னு. என்ன எண்ணெய் தேய்க்கீங்க, எத்தனை நேரம் தேய்க்கீங்கன்னு அரை மணி நேரம். அப்புறம் டீ வந்துச்சு. மக்ரூன் பாதி காலி. அதுக்கப்புறம்தான் மரம் கேட்டாரு, "புயல் அடிக்கும்போது தோணியில சுக்கானை யாருகிட்டக் கொடுப்பீங்க? நல்லாப் பாட்டுப் பாடுறவன் கிட்டயா?"

தண்டல் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அதுக்கு முன்னால அப்படி அவரு என்னைப் பாத்ததே இல்லை. அப்புறம் தமிழ்ல என்கிட்டச் சொன்னாரு, "சரிப்பா. கப் மேட்ச் முடியட்டும். வாத்தியாருகிட்டப் பொறுக்கச் சொல்லுதேன்."

அருப்புக்கோட்டை வந்துருச்சா? எறங்கணும்னா எறங்குங்க, டீ குடிச்சுட்டு வரலாம். இல்லையா, சரி.

அதுக்கப்புறம் நான் வேற வழியில்லாம நின்னேன். அதைத்தான் சொல்லணும், வேற வழியில்லாம. தினம் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மரம் பந்தை வச்சுக்கிட்டு எதிர்ல வருவாரு, நான் பின்னாலயே போகணும், பந்தைத் தொடக் கூடாது. "காலைப் பாக்காதே, கால் பொய் சொல்லும். கண்ணைப் பாக்காதே, அது இன்னும் பெரிய பொய் சொல்லும். இடுப்பைப் பாரு." இதெல்லாம் எனக்கு முன்னாலயே தெரியும், கிரேன்ல கத்துக்கிட்டது. ஆனா அவரு சொல்லும்போது தலையை ஆட்டிக்கிடுவேன். பெரிய மனுசன், மனசு நோகக் கூடாதுல்லா.

பதினோரு மேட்ச் ஆடினோம். எங்க போஸ்ட்ல மொத்தம் நாலே கோல். அதுல ஒண்ணு நான் போட்டது. ஆமா, சேம்சைட். கோவில்பட்டியில, கடைசி நிமிஷத்துல. தலையால வெளிய தள்ளப் போனேன், உள்ள போயிருச்சு. அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். கூட்டம் பூரா ஊளை விடுது. மேட்ச் முடிஞ்சதும் மரம் அந்தக் கெட்ட முட்டியோட ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டிப் பிடிச்சாரு. "இப்பத்தான் நீ நெஜமான ஸ்டாப்பர்"னாரு. அதுல என்ன சந்தோஷமோ அந்த ஆளுக்கு.

கப் ஃபைனல் திருநெல்வேலியில. எதிர்ல கோயம்புத்தூர் மில்லு டீமு ஒண்ணு. அவனுங்க ஃபார்வர்டு சிவபாலன்னு ஒருத்தன், அந்த டோர்ணமெண்டுல மட்டும் பதினாலு கோல் போட்டவன். பந்தல்ல முதல் வரிசையில வெள்ளைச் சட்டைக்காரங்க நாலு பேரு. ஒரு பெரிய அரசாங்கக் கம்பெனியில இருந்து ஆள் எடுக்க வந்திருக்காங்கன்னு இன்னாசி சொன்னான். பின் வரிசையில தண்டல், வேட்டி சட்டையோட. பக்கத்துல ரெஜினா.

ஆட்டம் பாதி தாண்டிருச்சு, எண்பது நிமிஷம் ஆச்சு, ரெண்டு பக்கமும் கோல் இல்லை. சிவபாலனை நான் விடல. அவன் என்னைப் பாத்துத் தண்ணி குடிக்கக் கூட வேற பக்கம் போனான். எண்பத்து மூணாவது நிமிஷம் எங்களுக்கு ஒரு கார்னர். ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும், கார்னர்னா கஸ்பார் தலை. "கஸ்பார் மேல போ, கஸ்பார் மேல போ"ன்னு ஒரு பக்கம் பூரா கத்துது. ஏழு கோல் தலையால போட்டவன்லா நான். கம்பெனிக்காரங்க பாக்காங்க. தண்டல் பாக்காரு. ஒரே ஒரு தலை போதும்.

மரத்தைப் பாத்தேன். வழக்கமா அந்நேரத்துக்கு "நில்லு"ன்னு சத்தம் வந்திருக்கும். அன்னைக்கு வரல. அவரு குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு இருக்காரு. இந்த மாதிரி நேரத்துலயா ஒரு கோச் லேஸ் கட்டுவான்? அதை நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல. போன்னும் சொல்லல, நில்லுன்னும் சொல்லல.

நான் திரும்பிப் பாத்தேன். நடுக்கோட்டுல சிவபாலன் தனியா நிக்கான். இடுப்பு எங்க போஸ்ட்டைப் பாத்துத் திரும்பியிருக்கு. கால் சும்மா நிக்கிற மாதிரி நிக்கு. ஆனா இடுப்பு திரும்பியிருக்கு.

போகல. நின்னுட்டேன். ஊரே என்னைத் திட்டுச்சு. என் தம்பியே திட்டினான்.

கார்னர் அடிச்சாங்க, அவனுங்க கோலி குத்தி வெளிய தள்ளினான், பந்து நேரா சிவபாலன் காலுக்கு. அவன் வருதான். பாதி மைதானத்துல அவனும் நானும் மட்டும், பின்னால இன்னாசி. அந்த ஓட்டம் ஒரு பத்து செகண்டு இருக்கும், எனக்கு ஒரு கப்பல் சரக்கு எறக்கின மாதிரி இருந்துச்சு. பின்னாலயே போறேன். இடது பக்கம் காட்டினான், போகல. வலது பக்கம் காட்டினான், போகல. எங்க பெனால்டி பெட்டி வரைக்கும் வந்துட்டான். ஷாட் அடிக்கப் பந்தைக் கொஞ்சம் தள்ளினான். யாரும் எனக்கு "இப்போ" சொல்லல. நானே சொல்லிக்கிட்டேன்.

எடுத்தேன். எடுத்த கையோட நிமிந்து பாத்தா செல்வின் அங்க ஓட ஆரம்பிச்சுட்டான். அவன்தான் ஓடுவான்னு சொன்னேன்லா. நீளமா ஒண்ணு தூக்கிப் போட்டேன். அவன் ஓடினான், ஓடினான், கோலியைத் தாண்டி வச்சான். ஒண்ணு பூஜ்யம். அப்படியே முடிஞ்சுச்சு.

ஊர்க்காரங்க மைதானத்துக்குள்ள எறங்கி யாரைத் தோள்ல தூக்கினாங்கங்கீங்க? செல்வினை. நான் பெட்டிக்குள்ள நின்னு ஷூவைக் கழட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு ஆள் கிட்ட வரல. ரெண்டே பேருதான் வந்தாங்க. ஒண்ணு சிவபாலன், கையைக் கொடுத்துட்டுப் போனான். இன்னொண்ணு இன்னாசி, வந்து என் நெத்தியில முத்தம் கொடுத்தான், வேர்வை நாத்தத்தோட. மரம் தூரத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்காரு. கண்ணு மட்டும் செவந்திருந்துச்சு. தூசியா இருக்கும்.

மறுநாள் பேப்பர்ல செல்வின் போட்டோ. நாலு பத்தி செய்தி. கடைசியில ஒரு வரி, "தூத்துக்குடி அணியின் தற்காப்பு ஆட்டமும் குறிப்பிடத்தக்கதாக இருந்தது." தற்காப்பு ஆட்டமாம். அது நான் அண்ணாச்சி. என் பேரு தற்காப்பு ஆட்டம்.

பத்து நாள் கழிச்சு கம்பெனியில இருந்து லெட்டர் வந்துச்சு. எனக்கு. செல்வினுக்கு இல்லை. அவங்ககிட்ட ஃபார்வர்டு அஞ்சு பேரு இருந்தாங்களாம். ஸ்டாப்பர்தான் இல்லையாம். என்ன அதிர்ஷ்டம் பாருங்க. நான் மட்டும் ஃபார்வர்டாவே இருந்திருந்தா இந்தியாவுக்கே ஆடியிருப்பேன், இந்த வேலைக்கெல்லாம் வந்திருக்க மாட்டேன். வந்தாச்சு, இருபத்தாறு வருஷம் ஆச்சு. செல்வின் துபாய்க்குப் போயி நல்லா இருக்கான், ரெண்டு பொண்ணுக. போன மாசம் கூட வீடியோ கால்ல பேசினான். அந்த கோலைப் பத்தி இன்னும் பேசுதான். நான் போட்ட பாஸைப் பத்தி நான் பேசுதேன்.

லெட்டரைக் கொண்டுபோயி தண்டல்கிட்டக் காட்டினேன். அவரு வாங்கிப் படிக்கவே இல்லை. "ரெஜினா, டீ போடு"ன்னாரு. மே மாசம் கல்யாணம். மரம் கோட்டு போட்டு வந்தாரு, வேர்த்து ஒழுகுது, உள்ள ஸ்வெட்டர் வேற. மார்கரெட் அம்மா கல்யாணத்துக்குப் போட்டுக்கிடணும்னு சொல்லிப் பின்னி அனுப்பினதாம். சாப்பாட்டுப் பந்தியில தண்டலும் அவரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு முட்டியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசிக்கிட்டு இருந்தாங்க.

அடுத்த மாசம் கிளம்பிட்டாரு. பிஜித் தீவுல ஏதோ டீமு கூப்பிட்டுச்சாம். கிளம்புததுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை மைதானத்துக்கு வரச் சொன்னாரு. யாரும் இல்லை. கடல் காத்து அடிக்குது. பந்தை என் காலுக்குத் தள்ளி விட்டாரு.

"ஒரு வருஷமா என் மேல கோவமா இருக்கே. இன்னைக்கு நீ ஃபார்வர்டு. பத்து தடவை வா. நான் நிறுத்துதேன்."

போனேன். பத்து தடவை. மூணு தடவை தாண்டிட்டேன். மூணு கோல், பாத்துக்கிடுங்க. லண்டன்காரன் எண்பத்தெட்டு நிமிஷம் திணறினான்லா, அந்த ஸ்டாப்பரை நான் மூணு தடவை தாண்டினேன். கடைசி மூணும் வரிசையா தாண்டினேன். அந்நேரம் அவருக்கு மூச்சு வாங்கிருச்சுன்னு ரெஜினா சொல்லுதா. அவ என்ன பாத்தா?

அப்புறம், "இப்ப நான் வாறேன், நீ நில்லு"ன்னாரு. பத்து தடவை வந்தாரு. ஒரு தடவையும் என்னைத் தாண்டிப் போகல. அது கிடக்கட்டும், முட்டி சரியில்லாத மனுசன்.

ரெண்டு பேரும் மணல்ல உக்காந்தோம். அப்பத்தான் சொன்னாரு. "எனக்குப் பத்தொம்பது வயசு வரைக்கும் நானும் ஃபார்வர்டு. அந்த வருஷம் இருபத்திரெண்டு கோல். புதுசா ஆர்தர்னு ஒரு கோச்சு வந்தாரு. ஒரு திங்கக்கிழமை காலையில மழையில நிக்க வச்சு, நாளையில இருந்து நீ ஸ்டாப்பர்னாரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டேன்.

"நின்னேன். பதினாலு வருஷம்."

"கோவம் எப்பப் போச்சு?"

"எங்க போச்சு"ன்னாரு. "வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு ஆர்தருக்கு ஒரு கார்டு போடுவேன். எந்த நாட்டுல இருந்தாலும். ஒரு வருஷம் விட்டதில்லை. போன வருஷம்தான் போடல. அவரு செத்துட்டாரு."

பாத்தீங்களா அண்ணாச்சி, எங்கயோ மழையில யாரோ ஒரு ஆர்தர் யாருக்கோ செஞ்சது, இங்க வந்து என் தலையில விடிஞ்சிருக்கு. இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?

மறுநாள் ரயில் ஏத்தி விட்டோம். ஊரே வந்துச்சு. தனசிங் முதலாளி அழுதாரு, தண்டல் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தாரு முட்டிக்கு. நான் அழல. எனக்குக் கோவம்.

அந்தக் கோவத்துலதான் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நானும் ஒரு கார்டு போட்டேன். பிஜிக்கு. அப்புறம் கென்யா, அப்புறம் மால்டா, அப்புறம் நேபாளம். அட்ரஸ் மாறிக்கிட்டே இருக்கும், நான் விட மாட்டேன். இப்ப பத்து வருஷமா அவங்க ஊருக்கே போடுதேன். எழுபத்தேழு வயசு. மார்கரெட் அம்மாவோட இருக்காரு. வருசா வருசம் ரெஜினா சொகம், பிள்ளைக சொகம், தண்டல் தவறிட்டாரு, இன்னாசி தாத்தா ஆயிட்டான், எல்லாம் எழுதுவேன். எழுதிட்டுக் கடைசியில ஒரு வரி கண்டிப்பா போடுவேன். "சார், நான் ஃபார்வர்டு."

பதில் வராம இருந்ததில்லை. ஜனவரி பத்து, பதினஞ்சுக்குள்ள வந்துரும். கை நடுங்குதுபோல, எழுத்து இப்பக் கோணல் மாணலா இருக்கு. முன்னால மாதிரி நீளமா எழுதுததும் இல்லை. இந்த வருஷம் வந்ததுல ஒரே ஒரு வரிதான்.

"நானும்தான்."